அறக்குளா உறை போட்ட புத்தகம்

ஜெயரூபியின் புத்தகங்களுக்கு இப்போது வந்திருக்கிற வாழ்வைப் பார்க்க வேண்டுமே! அட்டையில் ‘ஆட்டிசம்’ என்று கொட்டை எழுத்து, பளபளவென்று படம். ஓர்ஸ் ஹில் பக்கம் இரண்டு அறைக்குள் அடங்கிவிடுகிற அவளுடைய பதிப்பகத்திலிருந்து மனச்சோர்வு, பதகளிப்பு என்கிற மனப்பதற்றம், பேச்சுச் சிகிச்சை என்று எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் கந்தளாய்க்கும் மன்னாருக்கும் பார்சலில் போகின்றன. வாங்குகிறவர்கள் போனிலேயே கேட்டு, போனிலேயே நன்றி சொல்லிவிடுகிறார்கள். சந்தோசம்தான், இல்லையென்று சொன்னால் வாய் வேகும். ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன மனம் அந்த மீன் உறைக் காலத்துக்கே ஓடுகிறது.

அப்போது அவள் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் யதுர்சனுக்கு ஆட்டிசம் என்று டொக்டர் சொன்னபோது, தமிழில் படிக்க உருப்படியாக ஒன்றும் அவள் கைக்கு அகப்படவில்லை. ஆத்திரத்தில், அந்த டொக்டரையே பிடித்து எழுதவைத்து, தானே அச்சடித்தாள். வாங்க ஆட்கள் வந்தார்கள். ஆனால் கையில் கொண்டுபோகத்தான் பயம். “பிள்ளைக்கு விசராம், பைத்தியமாம் எண்டு ஊர் கதைக்கும், மிஸ்” என்பார்கள். அச்சகத்தில் ஐஸ் கம்பனி ஒன்றின் பழைய கலண்டர்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. முழுத்தாளுக்கு ஒரு பெரிய அறக்குளா மீன். பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடுவதுபோல அதைப் போட்டுக் கொடுத்தாள், தலைப்பு மறைந்தது.

என்ன புத்திசாலித்தனம்! எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மீன். மூதூர் பஸ்ஸிலும் கிளினிக்கில் உட்காரும் வாங்கிலும் ஒரு மீன் இன்னொரு மீனைக் கண்டுபிடித்தது. முன்பின் தெரியாத பெண்கள், “உங்களுக்கும் மகனா?” என்று மெல்லக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கதைகளைக் கேட்கக் கேட்க ஜெயரூபிக்கு வயிறு நிறைந்துவிடும். கொஞ்சநாளில், மீன் உறை என்றால் எந்தப் புத்தகம் என்ற விசயம் ஊருக்கும் விளங்கிவிட்டது.

அப்படியொரு நாள் காலையில், மூதூர் ஸுல்பிகா அழுதபடி வந்து நின்றாள். அவளுடைய மகன் முனீபுக்காகத்தான் புத்தகம் வாங்கியிருந்தாள்.

“மிஸ், என்ட மகள் இன்ஷிராட கலியாணம் போச்சு! மாப்பிள்ளைட உம்மா கிண்ணியாவிலிருந்து வந்தாங்க. டீவிக்கு மேல நான் எடுக்க மறந்த அந்த மீனைக் கண்டாங்க. டீயைப் பாதியில வெச்சுட்டு எழும்பிப் போனவங்கதான், ஒரு கதையும் இல்ல.”

மறைக்கப் போட்ட உறையே காட்டிக் கொடுத்துவிட்டதே! ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டேனே என்று, ஸுல்பிகா போன பிறகும் ஜெயரூபிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அந்த மாப்பிள்ளையின் உம்மா பல்கீஸ் வந்து இறங்கினார். கதிரையில் உட்காரவும் இல்லை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். அதே அறக்குளா.

“என்ட சின்ன மகளுக்காக இஞ்ச வாங்கினது. சம்பந்தக்காரங்களுக்குச் சொல்லாமத்தான் வெச்சிருந்தன். அவங்க வீட்டுக்குள்ள போனா, இது கண்ணுக்கு முன்னால நிக்கிது! எங்கட கதை தெரிஞ்சு குத்திக்காட்டுறாங்க எண்டு வெட்கத்துல எழும்பி ஓடி வந்துட்டன். ஆர் சொன்னது? நீங்களா?”

ஸுல்பிகாவுக்கும் அப்படியொரு மகன் என்று ஜெயரூபிக்கு வாய் நுனிவரை வந்துவிட்டது. ஒரு சொல் போதும், கலியாணம் நடந்துவிடும். ஆனால் யார் புத்தகம் வாங்கினார்கள் என்று அவள் எவரிடமும் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில்தானே அவர்கள் வந்தார்கள்.

“நான் உங்கட கதையை ஒருத்தருக்கும் சொல்லேல்ல அம்மா. மற்றவையிட கதையை உங்களுக்குச் சொல்லவும் ஏலாது. நீங்கள் உங்கட புத்தகத்தைக் கொண்டுபோய் அவையிட்டயே கேளுங்கோ.”

பல்கீஸ் புத்தகத்தை எடுத்தார். பைக்குள் வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே பஸ்ஸுக்கு நடந்தார்.

பின்னேரம் ஸுல்பிகாவின் போன் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

“மிஸ், அவங்க பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கு முனீபை நான் சாச்சி வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தன். கையில அந்த மீனோட வந்த பல்கீஸ் மதினிக்கு இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டன், வாசல்லயே நிக்கிறாங்க. ‘முதல்ல புள்ளையைக் கூட்டிட்டு வாங்க, அதுக்குப் பொறகுதான் நாள் குறிக்கிறது’ எண்டு சொல்றாங்க!”