மூன்றாம் ஓலையை நிறுத்தியவர்

இன்று திருப்பதியிலிருந்து சித்தூர் வரும் பஸ்ஸில், எங்கள் சர்ச் சபையின் பழைய செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியவர்.

போன மாதம் இறந்துபோன ஜெயராஜ் அண்ணனைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு ஆர்மோனியம் கற்றுக்கொடுத்தவர், ஆயுள் முழுக்க நண்பர்.

"உன் கல்யாணத்த நிறுத்துனவருக்குப் போயி அப்படி அழுதியேப்பா" என்றார் செயலாளர்.

1980களில் எனக்கும் ராணிப்பேட்டைப் பெண் ஒருத்திக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் கல்யாணம். மூன்றாம் ஞாயிறுக்கு முன்னால், நான் வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகப் போதகருக்கு ஒரு கடிதம் போனது. பொய். பெண் வீட்டார் விலகிவிட்டார்கள். எழுதியவர் பெயரைப் போதகர் சொல்லவே இல்லை.

அன்று என்னை உட்காரவைத்துச் சோறு போட்டவர் ஜெயராஜ் அண்ணன். "எந்தப் பாவி எழுதுனானோ, வெளங்கவே மாட்டான்டா" என்று சாபமும் விட்டார்.

"அவர் ஏன் எழுதணும்?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"கல்யாணம் ஆனா மாமனார் ஊருக்கே போய்டுவான், பாட்டுக்குழுவுக்கு யாரு வாசிப்பான்னு சொல்லிக்கினு இருந்தாரு. அந்தக் கடுதாசிய போதகர் எங்கிட்ட காட்டுனாரு. ஒனக்கும் தெரியும்னு நெனச்சேன் நைனா."

நான் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பாட்டுக்குழுவை மட்டும் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

வருகிற ஞாயிறு அவருக்கு நினைவுக் கூட்டம். அவர் எனக்குச் செய்ததைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

நண்பர்களே, ஒன்றுவிடாமல் சொல்லிவிடவா?