நாற்பது பேர் கையெழுத்திட்ட ஒரே கடிதம்

1. என் ஆங்கில அறிவு

ஒரகடம் பக்கம் இருந்த தகடு அழுத்தும் ஒரு பவர் பிரஸ் கம்பெனியில், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் கிளார்க்காக நான் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். முதல் நாளே பர்சனல் மேனேஜர் கேட்டார்.

"இங்கிலீஷ்ல டிராஃப்ட் பண்ணுவியாய்யா?"

"பண்ணுவேன் சார்" என்றேன். பொய்தான், ஆனால் முழுப் பொய் இல்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இடியம்ஸ் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. இடது பக்கம் ஆங்கிலத் தொடர், வலது பக்கம் அர்த்தம். வலது பக்கத்தை எனக்கு முன்பே ராமபாணப் பூச்சி படித்து முடித்திருந்தது. மிச்சமிருந்த இடது பக்கத்தை நான் ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன்.

மேனேஜரும் என்னைப் போன்ற இடியம்ஸ் பக்தர்தான், என்ன, அவருக்கு அர்த்தமும் தெரியும். ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் 'ஆப்சென்ட்' என்று எழுதினால் முடிந்தது. அவர் 'ஃபெயில்ட் டு டர்ன் அப்' என்று எழுதுவார். லைனில் வேலை மெதுவாக நடந்தால் மெமோவில் 'டிராகிங் யுவர் ஃபீட்' என்று வரும். அதை வாங்கியவர் தன் காலையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மெமோ வாங்கியவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எக்ஸ்பிளனேஷன் கொடுக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும், தமிழில் கொடுத்தால் மேனேஜர் கையால் தொடமாட்டார். பிரஸ் ஓட்டியவர்களோ சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பத்துக்காரர்கள். எங்கே போவார்கள்? என்னிடம் வந்தார்கள்.

2. சர்வரோக நிவாரணி

முதல் ஆள் பஸ் கிடைக்காமல் லேட்டாக வந்தவர். அவருக்காக ஒரு ராத்திரி முழுக்க யோசித்து ஒரு கடிதம் அமைத்தேன். 'ஐ ஓன் அப்' என்று ஆரம்பிக்கும். நடுவில் 'மேக் எ கிளீன் பிரெஸ்ட் ஆஃப் இட்' என்று ஒரு கம்பீரம். 'ஐ ஷல் டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்று முடியும். படிக்கும்போது கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. மேனேஜர் ஓரத்தில் 'குட் டிராஃப்டிங்' என்று எழுதி, ஆளை எச்சரித்து விட்டுவிட்டார்.

ஓடுகிற குதிரையை யாராவது மாற்றுவார்களா? அடுத்தவருக்கும் அதே கடிதம், பெயரும் டோக்கன் நம்பரும் தேதியும் மட்டும் வேறு. லேட்டுக்கும் அதுதான், சொல்லாமல் லீவ் எடுத்ததற்கும் அதுதான், கேன்டீனில் சாம்பார் சரியில்லை என்று சத்தம் போட்டதற்கும் அதுதான். நாலு வருஷத்தில் நாற்பது கடிதம். மேனேஜரும் முதல் வரியோடு நிறுத்தி, ஓரத்தில் அதே 'குட் டிராஃப்டிங்' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தொழிலாளர்களுக்கு நான் பெரிய இங்கிலீஷ்காரன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

3. அருளப்பனின் டை

அருளப்பன் ஐம்பது டன் பிரஸ் ஆபரேட்டர். மாதா கோயிலுக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்கூடப் பார்க்கமாட்டார். ஒரு காலை ஷிப்ட்டில் அவர் பிரஸ்ஸில் டை இரண்டாக உடைந்துவிட்டது. உலோகத் தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சு அது. அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று சார்ஜ் ஷீட் வந்தது. அதோடு டைம் ஆபீசுக்கு வந்தார்.

"ண்ணா, இதுக்கு ஒண்ணு எழுதிக் குடுண்ணா."

நான் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டரில் பேப்பரைச் சொருகி, ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தேன். விஷயம் பெரிசாயிற்றே என்று 'வித் எ ஹெவி ஹார்ட்' என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தேன்.

"நான் உடைக்கலன்னு எழுதிக்கீறியாண்ணா?"

"எல்லாம் கீதுப்பா, கையெழுத்துப் போடு."

போட்டார். மறுநாள் சஸ்பெண்ட் ஆனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"வேலையைச் சுலபமா முடிச்சுட்டேய்யா. 'ஐ ஓன் அப்', தப்பை ஒத்துக்கறேன். 'கிளீன் பிரெஸ்ட்', ஒளிவு மறைவில்லாம எல்லாத்தையும் சொல்லிடறேன். 'நியூ லீஃப்', இனிமே ஒழுங்கா இருப்பேன். தானாவே ஒத்துக்கிட்டான். என்கொயரி சும்மா ஃபார்மாலிட்டி. அடுத்த வாரம் ஆள் வெளியே."

பூச்சி தின்ற வலது பக்கத்தை அவர் வாய் வழியாக அன்றுதான் படித்தேன். சாயந்திரம் கேட்டில் அருளப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணா எழுதின? நானே ஒத்துக்கினேன்னு சொல்றாங்கோ. வூட்ல சொல்லவேல்ல, வேலைக்குப் போறாப்பல சைக்கிள எடுத்துகினு வந்துட்டேன்."

உண்மையைச் சொன்னால் என் பெயர் போகும், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். நாலு நாள் எக்ஸ்பிளனேஷன் ஃபைலை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன்.

4. என்கொயரி

காஞ்சிபுரத்திலிருந்து வந்த வக்கீல்தான் என்கொயரி ஆபீசர். ஃபைல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் கடிதத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். அருளப்பன் "ஆமா சார்" என்றார். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"சார், அது அவர் எழுதினது இல்ல. நான் எழுதினது. எனக்கே அர்த்தம் தெரியாது" என்றேன்.

மேனேஜர் என்னை முறைத்தார். "நாலு வருஷமா எழுதறியே?"

"நாலு வருஷமாவே தெரியாது சார்."

எக்ஸ்பிளனேஷன் ஃபைல் முழுவதையும் வக்கீல் முன்னால் வைத்தேன். அவர் புரட்டப் புரட்ட ஒரே கடிதம் வந்துகொண்டிருந்தது. சாம்பாருக்காகச் சத்தம் போட்டவரும் குற்றத்தை ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தார். பஸ் வராததற்கு ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேனேஜரின் 'குட் டிராஃப்டிங்' இருந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அருளப்பனிடம் தமிழில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

"காலைல வரசொல்லவே டை போல்ட்டு லூசா கீது சார். நைட் ஷிப்ட்டு செட்டர் மாட்டினது. சூப்பர்வைசராண்ட சொன்னேன், ஓட்டுன்னாரு. லாக் புக்ல எழுதிக்கீறேன், பாருங்க."

லாக் புக் வந்தது. கோணல் எழுத்தில், தமிழில், மணி குறித்து எழுதியிருந்தார். அதுவரை அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும்தான்.

அருளப்பன் வேலைக்குத் திரும்பினார். எனக்கு மெமோ வந்தது. 'அர்த்தம் தெரியாமல் எழுதினேன். தவறு என்னுடையது' என்று இரண்டே வரியில், தமிழில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாருடைய தமிழையும் வாங்கிக்கொண்டார்.

அருளப்பன் திரும்பிய அன்று லைனுக்கே போய், "அர்த்தம் தெரியாம எழுதிட்டேம்பா, மன்னிச்சுக்கோ" என்றேன்.

"இங்கிலீஷ் தெரியாதது தப்பில்லண்ணா. எனக்கும்தான் தெரியாது. இன்னா ஆச்சுன்னு நீ என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே" என்றார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் பேப்பரைச் சொருகுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்டேன். என் சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அருளப்பன் மட்டும் அப்புறம் என்னிடம் எதற்கும் வரவில்லை. லீவ் லெட்டரைக்கூட அவர் பெண்ணை எழுதச் சொல்லிக் கொண்டுவந்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.