கோடு போட்ட மலையும் என் வாயும்

மழை விட்ட மறுநாள் காலையில் தேயிலைத் தோட்டமே ரோட்டில் நின்றது. பொகவந்தலாவைக்கு இறங்கும் பாதையில், பள்ளிக்கூடத்துக்குச் சற்று மேலே இருந்த மேடு சரிந்து பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கோ மாட்டுக்கோ சேதமில்லை. அதனால் பயத்தை விட்டுவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். மண் விழுந்த இடத்தில் மலை தன் உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மேலே சிவப்பு, அதன் கீழே மஞ்சள், பிறகு அரிசிமாவு போல வெள்ளை, மறுபடியும் சிவப்பு, அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. பெட்டியில் மடித்து அடுக்கிய சேலைகளைப் போல இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் உண்டு. எழுபதுகளின் கடைசி அது. தோட்டப் பள்ளிக்கூடங்களை இலங்கை அரசாங்கம் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபது வயது. ஒற்றையறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். மறுவாரம் கல்வி அதிகாரி வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார் என்று கடிதம் வந்திருந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் தோட்டத்தில் பேர் பதிந்து, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான். அம்மா ஆயுசு முழுவதும் செய்த வேலை, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் கரும்பலகையில் சாக்குக்கட்டி பிடித்துப் பழகிய கைக்கு அதை விட மனசில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் காட்டிப் பாடம் நடத்த ஒரு படம் கிடையாது. இருந்த ஒரே உலகப் படத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. இப்போது ஆண்டவரே மலையைப் பிளந்து படம் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஹட்டனில் நடந்த பயிற்சி வகுப்பில் எழுதிய குறிப்புகளைத் தேடியெடுத்து ராப்பகலாகப் படித்தேன். நம் மலைக்கல் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பூமிக்கு அடியில் கிடந்தது. அங்கே இருந்த சூட்டிலும் பாரத்திலும் வெளிர் நிறக் கனிமங்கள் ஒரு பட்டையாகவும் கறுத்த கனிமங்கள் ஒரு பட்டையாகவும் பிரிந்தன. கல் மேலே வந்த பிறகு மழை தன் வேலையைத் தொடங்கியது. வெளிர்ப் பட்டை ஊறி ஊறி வெள்ளைக் களியாயிற்று. மைக்காவும் சிவப்புக் கார்னட்டும் இருந்த பட்டை தன்னிடமிருந்த இரும்பை வெளியே விட்டது. அந்த இரும்பு துருப்பிடித்து ஓரிடத்தில் சிவப்பாகவும், தண்ணீரோடு சேர்ந்த இடத்தில் மஞ்சளாகவும் ஆனது. மங்கனீசு கறுப்பைக் கொடுத்தது. கல் மக்கி மண்ணான பிறகும் கோடு மட்டும் அழியவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிகாரி முன்னால் புத்தம்புதிதாக நடத்த வேண்டுமென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

ஆனால் தீபாவளி நெருங்குவதை மறந்துவிட்டேன். தீபாவளி வந்தால் லயத்தில் சுவர் பூசியாக வேண்டும். எங்களைப் போன்ற வேதக்காரர் வீடுகளும் அப்போதே பூசிவிடும். லயம் ஒன்று, சுவர் ஒன்று, கிறிஸ்மஸ் வரை ஒரு காம்பரா மட்டும் கரி பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அந்த வருஷம் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுக்கவில்லை. அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பெண்கள் சாக்கும் மண்வெட்டியுமாக என் மலையில் ஏறி நின்றார்கள். வெள்ளைப் பட்டை முழுதும் போயிருந்தது. மஞ்சளும் சிவப்பும் இருந்த இடம் குழி குழியாகக் கிடந்தது. கறுப்பைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது பொகவந்தலாவை பஜார் வரை நீண்டிருக்கும்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இது என்னா மண்ணுன்னு தெரியுமா? இந்தச் செவப்பு இரும்பு! கல்லுக்குள்ள இருந்த இரும்பு துருப்புடிச்சிருக்கு! மஞ்சளும் அதே இரும்புதான், தண்ணியோட சேந்த இரும்பு! கோடி வருசமா மழை செஞ்ச வேலைய ஒரு சாக்குல அள்ளிட்டீங்களே!" என்று ஆரம்பித்து, வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஏசினேன். அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் பக்கத்துக் காம்பரா அக்கா. பச்சைப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து மஞ்சளை வழித்தெடுத்தது அவர்தான்.

"ஏன் புள்ள இந்தக் கத்து கத்துற? மண்ணுதானே, மலையில இன்னும் கெடக்கு" என்றார். நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அதிகாரி வந்தார். கையில் குடை, காலில் அட்டை கடித்த ரத்தம், முகத்தில் சிரிப்பே இல்லை. வேறு பாடம் தயாரிக்க நேரமில்லாததால், மலையின் நிறங்கள்தான் பாடம் என்று சொல்லிப் பிள்ளைகளோடு அவரை அந்தச் சரிவுக்கே கூட்டிப்போனேன். ஓட்டை விழுந்த சேற்றுமேடு ஒன்று நின்றது.

"எங்க டீச்சர் நிறம்?" என்று கேட்டார்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. "டீச்சர், வெள்ளை எங்க வூட்டுல இருக்கு. மஞ்ச பக்கத்து வூட்டுல இருக்கு."

வேறு வழி? எல்லோரும் லயத்துக்கு நடந்தோம். போய்ப் பார்த்தால், வரிசையாகப் பன்னிரண்டு காம்பராவிலும் இஸ்தோப்பு என்ற வாசல் திண்ணையின் சுவரில் மலை ஏறி உட்கார்ந்திருந்தது. அடியில் கறுப்புக் கரை, மேலே சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை, நிலைக்காலைச் சுற்றி மஞ்சள். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. உற்சாகத்தில் சுவர் சுவராகக் காட்டிப் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் மண்ணைத் தொட்டு, முகர்ந்து, மூக்கில் பூசிக்கொண்டு கேட்டார்கள். அதிகாரியும் விரலால் வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தார்.

கடைசியில் அதிகாரி பக்கத்துக் காம்பரா அக்காவின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளை குளிப்பாட்ட வெந்நீர் வைத்து அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. அடுப்பைச் சுற்றி மஞ்சள் மண் பூசியிருந்தார் அக்கா. ஆனால் நெருப்பு படும் வாயோரத்தில் மட்டும் அது செங்கல் போலச் சிவந்திருந்தது.

"ஏன் டீச்சர், இங்க மட்டும் ரெண்டு நிறம் பூசியிருக்காங்க?" என்றார் அதிகாரி.

"பூசுனது எல்லாமே மஞ்சதாங்க ஐயா" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்படின்னா இது ஏன் சிவந்துச்சு?" என்று கேட்டார். என் குறிப்பில் அடுப்பைப் பற்றி ஒன்றுமில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். "மஞ்ச மண்ணுல இரும்பும் தண்ணியும் சேந்திருக்குங்க. அடுப்புச் சூட்டுல தண்ணி போயிருச்சு. வெறும் இரும்பு நிக்குது, அதான் செவந்துருச்சு. ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், ஓரத்துலருந்து மெதுவா ஏறுது."

அதிகாரி குனிந்து அடுப்போரத்துச் சிவப்பைப் பார்த்தார். "சரியான பதில். உங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"வேற யாரு, எங்க டீச்சர்தாங்க. முந்தாநாத்து எங்கள நிக்க வச்சு ஏசுனாங்கல்ல, அதுலதான் சொன்னாங்க."

அதிகாரி முதலில் இருமினார். பிறகு முடியாமல் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், லயமே சிரித்தது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அக்கா கையிலிருந்த பிள்ளையை வாங்கி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நான் பிறந்த நாளிலிருந்து அக்காவின் வாய் என்னைப் 'புள்ள' என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. டீச்சர் என்று சொன்னது அன்றைக்குத்தான். நியமனக் கடிதம் வர இன்னும் மூன்று மாதம் ஆனது. எனக்கு வேலை நிரந்தரமானது அந்த அடுப்படியில்.