அம்மா ஊதிய மூச்சு

எங்கள் அம்மாவுக்கு எச்சில் என்றால் ஆகாது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அப்பாவுக்கே திட்டு விழும். கழுவி வைத்த டம்ளரையும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை கழுவுவாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மண்ணூரில் எங்களோடுதான் இருந்தார். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் லோடு தூக்கி இடுப்பு போனதும் வலிக்கு மாத்திரை போட ஆரம்பித்தார். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பிறகு அது போதை ஊசியானது, வேலையும் போனது. அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் போட்டாள்.

ஊசி போடுகிறவர்களுக்கு நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து மாமாவைத் தேடி ஓர் அக்கா வருவாள். பிரிக்காத புது வெற்று ஊசி கொடுத்துவிட்டு, பழையதை டப்பாவில் வாங்கிப் போவாள். அம்மா பொறுப்பாளா?

"இன்னாம்மா, வுடச் சொல்லுவேன்னு பாத்தா நீயே ஊசி குடுத்துகினு கீறியே?"

"வுடுற வரைக்கும் அவரு உயிரோட இருக்கணும்லக்கா? ஒருத்தர் ஊசிய இன்னொருத்தர் போட்டா வேற நோவும் வந்துடும்" என்றாள் அக்கா. அதோடு விடாமல், மாமா பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்வது என்றும் செய்து காட்டினாள். அம்மா காதில் விழாதது போலக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா ஓ.டி.க்குப் போயிருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போன நான் மாமாவைப் பார்த்து அலறினேன். உதடு நீலமாக இருந்தது. குறட்டை போல ஒரு சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அக்கம்பக்கம் கூடிவிட்டது. வலிப்பு என்று முடிவுகட்டி ஒருவர் சாவிக்கொத்தை மாமாவின் கையில் திணித்தார். எதிர்வீட்டு அத்தை சோடாவோடு ஓடி வந்தார்.

"வாய்ல ஒண்ணும் ஊத்தாதீங்க! நூத்தியெட்டுக்கு போன் போட்டு மூச்சு வர்லன்னு சொல்லுங்க!" என்று அம்மா எல்லோரையும் விலக்கினாள். மாமாவின் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். மூக்கைப் பிடித்தாள். நுரை வழிந்த அந்த வாயில் தன் வாயை வைத்து ஊதினாள். மாமாவின் மார்பு எழுந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஊதினாள். வண்டி வரும்வரை நிறுத்தவே இல்லை.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. போன உயிரை அம்மாவால் திருப்பிக் கொண்டுவர முடியும் என்று அன்று நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர் போதையை முறிக்கும் ஒரு மருந்தைப் போட்டதும் மாமா கண்ணைத் திறந்தார். திறந்ததும் எல்லோரையும் கண்டபடி திட்டினார். "திட்டுடா, நல்லா திட்டு" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பல நாள் கழித்து அவள் தம்பியோடு பேசிய முதல் பேச்சு அது. அந்த முறிவு மருந்தின் வேகம் இறங்கினால் மறுபடி மயங்கலாம் என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வாரம் அக்கா வந்தபோது அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். "மொதல்லேர்ந்து இன்னொரு தபா சொல்லும்மா. இவளுக்கும் இவ அப்பாவுக்கும் சேத்து சொல்லு" என்று என்னையும் பிடித்து உட்காரவைத்தாள். தெருவில் பிள்ளைகள் என்னை விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாதான் பிழைத்துவிட்டாரே, இனி எதற்கு இதெல்லாம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.