அக்காவின் க்ரீமைக் கொளுத்திப் பார்த்தேன்

பட்டுப்புடவையை மேஜையில் விரித்துப் போட்டால் யாருக்கும் பாதி மனசுதான் வரும். யாராவது ஒருத்தி தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் அந்தத் தோள் பல வருஷமாக அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை, கடையில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வயசு ஐம்பதைத் தொட்டிருக்கும். முந்தானையை அவங்க ஒரு தட்டுத் தட்டி விட்டால் போதும், சென்னையிலிருந்து வந்த பொம்பளைங்க, "அவங்க மேல இருக்கிறதையே குடுங்க" என்பார்கள். அக்காவுக்கென்று இருப்பது ஒரே ஒரு கல்யாணப் பட்டுதான். "வாங்கத்தான் முடியல, கட்டாத கலர் ஒண்ணு பாக்கி இல்லம்மா" என்று அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க.

போன சித்திரையில் ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அக்கா ரகசியமாகத் திறந்தாங்க. நான் விடுவேனா? பிடுங்கிப் படித்தேன். வயதைக் குறைக்கும் க்ரீமாம். கொலாஜனாம், தங்கத் துகளாம், எல்லாத்துக்கும் மேலே கொட்டை எழுத்தில் பட்டுப் புரதமாம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் பிறந்த வீட்டில் சாயம் போடுகிற வேலை. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் மேலே இருக்கிற பசையெல்லாம் கழன்று வரும். கொழகொழவென்று, மூக்கைப் பொத்திக்கொள்கிற நாற்றத்தோடு சாக்கடையில் ஊற்றுவோம். "அந்தப் பசையத்தான் அக்கா புரதம்னு அடைச்சு விக்கிறானுங்க. அதுல இளமை வரும்னா எங்க தெரு சாக்கடைக்கு இன்னும் பதினாறு வயசுதான் இருக்கும்" என்றேன். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது? அசல் பட்டு என்று காட்ட நாங்கள் புடவை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். பட்டென்றால் முடி கருகுகிற வாசனை வரும். அதற்காகக் கல்லாவில் தீப்பெட்டி எப்போதும் கிடக்கும். க்ரீமைக் கொஞ்சம் சாப்பாட்டு ஸ்பூனில் வழித்து, அடியில் குச்சியைக் கிழித்துப் பிடித்தேன். உருகியது, சடசடவென்றது, ரோஜா வாசனை வந்தது. "போலிக்கா! துளி பட்டு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். க்ரீமை எவளாவது நூல் மாதிரி கொளுத்திப் பார்ப்பாளா? அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாங்க.

வாசனைக்கு முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என்னம்மா கருகுது?"

"அக்கா வயசக் குறைக்க க்ரீம் வாங்கியிருக்காங்கண்ணே, அதான் டெஸ்ட் பண்ணிக்கினு இருக்கோம்."

அவரும் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் அன்றைக்குக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தார். அக்கா டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாங்க.

அடுத்த வாரமே அக்காவை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டார். "முகூர்த்த சீசன்ல நின்னுக்கினே இருக்கிறது கஷ்டம்மா, மேல உக்காந்து பொடவ மடிங்க." சம்பளத்தில் கை வைக்கவில்லை. அக்கா தலையாட்டிவிட்டு மாடி ஏறினாங்க. கண்ணாடிக்கு முன்னால் அவங்க நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

பொங்கலுக்கு முன்பே முதலாளி, "முகத்தக் கொஞ்சம் கவனிங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லியிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அக்கா அந்த டப்பாவை வாங்கியிருக்காங்க. டப்பாவில் எழுதியிருந்த அத்தனையும் படித்தேனே, எதுக்குக்கா வாங்கினீங்க என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்த க்ரீமில் இளமை வராது என்று நான் சொன்னது இப்போதும் சரிதான். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

அக்காவையே மறுபடி கீழே நிறுத்துங்க என்று முதலாளியிடம் போய்ச் சொல்லலாம். தினமும் நினைக்கிறேன். சொன்னால் அக்கா கீழே வருவாங்க, நான் மாடிக்குப் போக வேண்டும். என் தோளில் கிடக்கிற புடவையைப் பார்த்து, "இதையே குடுங்க" என்று ஒருத்தி சொல்லும்போது உள்ளுக்குள் குளிர்ந்து போகிறது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நிஜம். அதனால் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். வேண்டாத நேரத்தில் அவ்வளவு பேசின வாய்.

போன வாரம் சாப்பிடும்போது அக்கா அந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தினாங்க. "பாதி அப்படியே கெடக்குது. மேல உக்காந்திருக்கிறவளுக்கு எதுக்கு? நீ வச்சுக்கோம்மா." குத்திக் காட்டுகிற மாதிரியே இல்லை. மோர்மிளகாய் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தாங்க. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கும் நாற்பது ஆகப்போகிறது. கடைக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற விளக்கில் வாயோரத்துக் கோடு நன்றாகவே தெரிகிறது. அந்த டப்பா போலி, துளி பட்டு இல்லையென்று கடைக்கே சொன்னவள், இன்று காலையில் அதைப் பூசிக்கொண்டு வந்தேன்.

மடித்த புடவைகளோடு அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாங்க. என்னைத் தாண்டும்போது ரோஜா வாசனை அவங்களுக்கு எட்டிவிட்டது. நின்று என் முகத்தைப் பார்த்தாங்க.

"கழுத்துக்கும் போடும்மா," என்றாங்க. "பொடவ அங்கதான் ஒக்காருது, மொதலாளி மொதல்ல அதத்தான் பாப்பாரு."