மூன்று நட்சத்திரம் வரும்வரை

ஸ்ரான்லிக்கு ரிவ்காவின் மேல் இருந்த கோபம் இன்று நேற்று வந்ததல்ல. அவருடைய வான் வண்டியை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கோபம் அது.

ரிவ்கா மெல்பேர்னில் பிறந்து வளர்ந்த யூதப் பெண். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அக்கோடியனைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாயிடம் கேட்டுப் பழகிய இத்திஷ் மொழிப் பாட்டுகளையும், பக்கத்து வீட்டு லெபனான்காரி சொல்லித்தந்த அரபுப் பாட்டுகளையும் ஊர் ஊராகப் பாடித் திரிகிறார். சண்டை நிற்க வேண்டும், எந்தப் பக்கத்துப் பிள்ளையும் சாகக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய அரசியல். ஸ்ரான்லி மன்னார்க்காரன். டண்டினோங்கில் ஒரு குளிர்க்கிடங்கில் வேலை. மாதா கோயில் பாடகர் குழுவில் பழகிய வயலினை ஒரு நூலகக் கூட்டத்தில் வாசித்தபோது ரிவ்கா கண்டுபிடித்து இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆறு வருஷமாக வயலினும் அவன்தான், சாரதியும் அவன்தான், பெட்டி தூக்குகிறவனும் அவன்தான்.

சமாதானம் என்றால் எல்லாருக்கும் விருப்பம். அதைப் பாட வருகிறவரைத்தான் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. ஒரு மண்டபக்காரர் விளம்பரத்தில் யூதர் என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார். ரிவ்காவின் சொந்தச் சனத்தின் கிளப்பில் அரபுப் பாட்டை விட்டுவிடச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் எல்லாம் சரி, பாட்டுக்கு நடுவில் செத்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசவேண்டாம் என்றார்கள். ரிவ்கா மூன்று பேருக்கும் மாட்டேன் என்றார். மூன்று தரமும் ஸ்ரான்லிதான் வானைத் திருப்பிக்கொண்டு வந்தான். மிஞ்சியது நூலகங்கள். அங்கே பிஸ்கட் சாப்பிட வருகிறவர்களும் கதிரையில் நித்திரை கொள்ளுகிறவர்களும்தான் சபை.

இதுதான் கடைசி, இனி விடப்போறன் என்று ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து சொல்லுவான். மனைவி அஞ்சலீனா அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், உங்கட சமாதானத்துக்கு இண்டைக்கு எத்தினை பேர் வந்தவை என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்விதான் அவனைக் கொன்றது. ஒரே ஒரு தரம் ஒரு மண்டபம் நிரம்ப வேண்டும், அதை அஞ்சலீனா பார்க்க வேண்டும். இல்லையென்றால் வயலினை மூடிவைத்துவிடுவது என்று இந்த முறை உண்மையாகவே முடிவெடுத்திருந்தான்.

நோபல் பார்க்கில் தேவராஜா நடத்தும் சங்கம் தமிழரையும் சிங்களவரையும் ஒன்றாக இருத்தி ஒரு சமாதான மாலை வைக்கப்போவதாக அறிந்ததும், ரிவ்காவைப் பாடவிடச் சொல்லி அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தான். தேவராஜா அங்கிள் ஓமெண்டு சம்மதித்தார். கூட்டம் ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை, ஆறு மணிக்கு என்று முடிவானது.

சனிக்கிழமை என்பதில்தான் சிக்கல். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து, சனி இருட்டி வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யூத வழக்கப்படி ரிவ்காவுக்கு ஓய்வு நாள். வாத்தியம் தொடமாட்டார், மைக்கில் பேசமாட்டார், வாகனம் ஏறமாட்டார். ஜூலை இங்கே குளிர்காலம், ஆறு மணிக்கே இருட்டிவிடும், பயமில்லை. ஆனால் மண்டபத்துக் கூரை ஒழுகி, கூட்டம் ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் பகலும் நீண்டு, கோடை நேரமென்று ஊர் மணிக்கூட்டையெல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டார்கள். எட்டரைக்கு முன் நட்சத்திரம் வராது.

ஸ்ரான்லி கணக்குப் போட்டான். எங்கள் சனத்துக்கு ஆறு மணி என்றால் ஏழுக்குத்தான் முதல் கார் வரும். பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரையைப் பாராட்டி ஓர் உரை. எட்டரை என்ன, ஒன்பதும் ஆகும். நட்சத்திரக் கதையைச் சொன்னால் தேவராஜா வேறு ஆளைப் பிடித்துவிடுவார் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. ரிவ்கா கேட்டபோது, நட்சத்திரம் வந்த பிறகுதான் தொடங்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவைத்தான்.

தேவராஜாவோ வேறு கணக்குப் போட்டிருந்தார். போன வருஷம் சிங்களக் குடும்பங்கள் நேரத்துக்கு வந்து வெறும் கதிரைகளோடு குந்தியிருந்த வெட்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் வீடு வீடாகப் போன் எடுத்து, கூட்டம் ஐந்து மணிக்கு என்று சொல்லியிருந்தார். உரைகளையும் வெட்டிவிட்டார். சனம் ஐந்தென்று நினைத்து வழக்கம்போல ஒரு மணித்தியாலம் பிந்தி வர, ஆறு மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்த ஸ்ரான்லிக்கு அழுகை வந்தது. ஆறு வருஷம் கேட்ட மண்டபம், வெளியே வெயில் அடிக்கும்போது வந்து சேர்ந்திருக்கிறது.

வாகனம் ஏறாமல் வரவென்று வெள்ளிக்கிழமையே பக்கத்திலிருந்த ஸ்ரான்லி வீட்டில் வந்து தங்கியிருந்த ரிவ்கா, அஞ்சலீனாவோடு நடந்து வந்து மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"எங்க தம்பி உங்கட பாட்டுக்காரி? ஏறச் சொல்லுங்கோ," என்றார் தேவராஜா.

ஸ்ரான்லி விஷயத்தைச் சொன்னான். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் ரிவ்காவின் பக்கத்தில் குனிந்து, இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று மன்றாடினான். ரிவ்கா ஆங்கிலத்தில் அமைதியாகத்தான் பேசினார்.

"போகிற மண்டபமெல்லாம் என்னை ஒன்றை விடச் சொல்கிறது, ஸ்ரான்லி. இன்றைக்கு உனக்காக இதை விட்டால், நாளைக்கு அரபுப் பாட்டை விடச் சொல்கிறவனிடம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பேன்?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிவாதம் பிடித்த மனுசி, ஊரையெல்லாம் ஒன்றாக்கப் போகிறாவாம், ஒரு மாலைப்பொழுதை விட்டுக்கொடுக்கத் தெரியாது என்று வாய்க்குள்ளேயே திட்டினான். இந்த வினை தன் வாயால்தான் வந்தது என்பதும் தெரியும். அது தெரிந்தபடியால் இன்னும் கூடத் திட்டினான்.

தேவராஜா பிள்ளைகளைப் பிடித்துப் பாடவைத்தார். பாடின பிள்ளைகளையே திரும்பவும் பாடவைத்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் சாப்பாட்டைப் போடச் சொல்லிவிட்டார். சாப்பாட்டைக் கடைசியில் வைத்துத்தான் எங்கள் சங்கங்கள் சனத்தை இருத்திவைப்பது. கொத்துரொட்டித் தட்டு வெளியே வந்ததும் எல்லாம் முடிந்தது. சாப்பிட்டார்கள், பார்சலும் கட்டினார்கள், போட்டு வாறம் அண்ணை என்று ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். சிங்களக் குடும்பங்களும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டன.

ரிவ்கா கார் நிறுத்துமிடத்தில் அண்ணாந்து நின்றார். இரண்டு நட்சத்திரம் வந்துவிட்டது. மூன்றாவது மேகத்துக்குள் கிடந்தது. ஓய்வு நாள் முடியுமென்று யூதக் கலண்டரில் போட்ட நேரம் தாண்டிவிட்டதே என்று ஸ்ரான்லி கத்தாத குறையாகச் சொன்னான். தன் தகப்பன் கலண்டரையல்ல, வானத்தைத்தான் பார்த்தவர் என்று சொல்லிவிட்டு அவர் அண்ணாந்தபடியே நின்றார்.

மூன்றாவதும் தெரிந்த பிறகு அவர் உள்ளே வந்து அக்கோடியனைத் தோளில் மாட்டியபோது, தட்டுக் கழுவுகிறவர்களும், மகன் வந்து ஏற்றுவானென்று காத்திருந்த ஒரு சிங்களக் கிழத் தம்பதியும், தேவராஜாவும், மேசை துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலீனாவும்தான் மிச்சம். ரிவ்கா நிரம்பிய மண்டபத்துக்குப் பாடுவதுபோலவே பாடினார். இத்திஷ் தாலாட்டு, உடனே அரபுத் தாலாட்டு. நன்றாகத்தான் இருந்தது. வேறெந்த நாளையும்விட நன்றாக இருந்தது. கேட்க ஆளில்லாத நேரத்தில் இப்படிப் பாடுகிறாரே என்று எரிந்துகொண்டே ஸ்ரான்லி வில்லை இழுத்தான்.

மறுநாள் மதியம் சிட்னி, மெரிலேண்ட்ஸிலிருந்து சிவனேஸ்வரி என்பவர் போன் எடுத்தார். அடுத்த மாதம் அங்கேயும் ஒரு சமாதானக் கூட்டமாம், சனிக்கிழமை ஐந்து மணிக்காம். தேவராஜா எல்லாம் சொன்னாராம்.

"அந்த அன்ரிய ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கோவன். சமாதானத்துக்குத்தானே."

நானே வரவில்லை என்று சொல்லத்தான் ஸ்ரான்லி வாயைத் திறந்தான்.

"அவ அட்ஜஸ்ட் பண்ணமாட்டா," என்றான். "நட்சத்திரம் வந்த பிறகுதான் பாட்டு, சாப்பாடு அதுக்கும் பிறகு. அரபுப் பாட்டும் இருக்கும், இப்பவே சொல்லிப்போட்டன். விருப்பமெண்டால் கூப்பிடுங்கோ."

அஞ்சலீனா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்வியை இந்த முறை அவள் கேட்கவில்லை. விடப்போறன் எண்டு சொன்னீங்கள், என்றாள்.

"விடத்தான் போறன்," என்றான் ஸ்ரான்லி எரிச்சலோடு, வயலினுக்குப் புதுத் தந்தி தேடியபடி. "மெரிலேண்ட்ஸ் முடியட்டும்."