சரவெடியாய் வெடித்த ஹப்

பாறையிலிருந்து சைக்கிளோடு குதிக்கிற வயதா எனக்கு? பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப் உடைந்ததும், விலை குறைந்த, குதித்தாலும் உடையாத ஒன்றைத் தேடித் தேடித் தூக்கம் கெட்டேன். கடைசியில் கிடைத்ததை மாட்டி, நாரணாபுரம் இறக்கத்தில் சோதித்தேன். மிதிப்பதை நிறுத்தியதும் ஹப் படபடவென்று சரவெடியாய்ச் சத்தமிட்டது. பக்கத்துப் பட்டாசு ஆலைப் பெண்கள் அலறி வெளியே ஓடிவந்தார்கள். சத்தம் என் ஹப்பினுடையது என்று தெரியாமல், ஆலையில்தான் வெடிக்கிறது என்று நினைத்து நானும் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர்களுக்கு முன்னால் ஓடினேன்.

விழுந்த சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டே படபடத்தது. ஒரு பெண் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்ணே, உங்க சைக்கிளுக்குப் பயந்து நீங்களே ஓடுறீகளா? எங்களுக்கு உசுரே போயிருச்சு!"

சிரித்தார். ஆனாலும் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

அப்புறம் சத்தம் குறைந்த ஹப் மாற்றினேன். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் முணுமுணுக்கும் என்பதால், அந்த ஆலையோரம் இறக்கத்திலும் மிதித்துக்கொண்டேதான் போகிறேன்.